புள்ளியும் கோடும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், சைதாப்பேட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் நிறைவு விழாவில் கணிதத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அவையோருள் சிலர் எண்ணக்கூடும். வேதிவினைகளையும் மரபணுக்களின் பரிணாமத்தையும் ஆராய இன்று அறிவியலார் கையாளும் கணிதக் கருவி ஒன்று உண்டு. அக்கருவி யாப்பறிந்தோர்க்கும் ஏட்டுச்சுவடி அறிந்தோர்க்கும் புதியதன்று. பெயர் அறியாமலே அதனை நெடுங்காலமாகக் கையாண்டவர்கள் அவர்கள். அதனை எடுத்துக்காட்டுவதும், அதனால் தமிழ்ப் பதிப்புத் துறைக்கு நேரும் கடமை ஒன்றைச் சுட்டுவதும் இவ்வுரையின் நோக்கமாகும்.

பாலத்திலிருந்து தொடக்கம்

சைதாப்பேட்டையில் வாழ்வோர்க்கு அடையாற்றுப் பாலத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1726ஆம் ஆண்டில் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு இவ்விடத்தில் ஆற்றின் குறுக்கே பாலம் ஒன்று அமைத்தார். மர்மலாங் பாலம் என்று அது வழங்கப்பட்டது. பிற்காலத்தில் அப்பழைய பாலம் நீங்கப் புதிய பாலம் எழுந்தது. இன்று அது தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகிய மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உஸ்கானின் பாலம் எழுந்து பத்தாண்டு கழித்து, 1736இல், லியோனார்டு ஆய்லர் என்னும் கணித மேதை வேறோர் ஊரின் பாலங்களைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அவ்வூர் கோனிக்ஸ்பர்க், இன்று ருஷ்ய நாட்டில் கலினின்கிராட் என்று வழங்குவது. அங்கு ஆறு ஊரை நான்கு நிலத்துண்டுகளாகப் பிரித்திருந்தது. ஏழு பாலங்கள் அவற்றை இணைத்தன. ஒரு பாலத்தையும் இருமுறை மிதியாமல், ஒன்றையும் விடாமல், ஏழையும் கடந்துவர இயலுமா என்பது அவ்வூரார் வினா. ஆய்லர் நிலத்தின் பரப்பையும் பாலத்தின் நீளத்தையும் புறந்தள்ளினார். நிலத்துண்டு ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகவும், பாலம் ஒவ்வொன்றையும் ஒரு கோடாகவும் கொண்டால் போதும். இடையில் வரும் ஒரு புள்ளிக்குள் நுழைய ஒரு கோடு வேண்டும். அங்கிருந்து வெளியேற மற்றொரு கோடு வேண்டும். ஆகவே புறப்படும் இடமும் முடியும் இடமும் நீங்கலாக ஏனைய புள்ளிகளில் எல்லாம் கோடுகள் இரட்டைப்படையாக இருத்தல் வேண்டும். கோனிக்ஸ்பர்க்கின் நான்கு புள்ளிகளிலுமே கோடுகள் ஒற்றைப்படையாக இருந்தன. எனவே அத்தகைய உலா இயலாது என்பது உறுதியாயிற்று.

புள்ளிகள் சில; அவற்றுள் சிலவற்றை இணைக்கும் கோடுகள் சில. இவ்வளவே கோட்டுரு எனப்படுவது. புள்ளி பெரிதா சிறிதா, கோடு நேரா வளைவா என்பன இங்குப் பொருளல்ல. எது எதனோடு சேர்ந்துள்ளது என்ற ஒன்றே பொருள். எந்தக் கோட்டை நீக்கினால் கோட்டுரு இரண்டாகப் பிரிந்துவிடுமோ, அந்தக் கோட்டைக் கணிதவியலார் 'பாலம்' என்றே அழைக்கின்றனர். அச்சொல்லின் பொருளைச் சைதாப்பேட்டை மக்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நேரே கண்டனர். அடையாறு பெருகி மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது, எதிர்க்கரையில் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்த உறவினரும் சென்றடைய இயலாத தொலைவினர் ஆயினர். இடம் மாறவில்லை, இணைப்பு மட்டுமே அற்றது.

அணுக்களின் யாப்பு

கோட்டுருவைக் குறிக்கும் 'கிராஃப்' என்னும் ஆங்கிலச் சொல்லை இப்பொருளில் முதன்முதல் ஆண்டவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் ஆவார். 1878இல் 'நேச்சர்' இதழில் வேதியியலையும் இயற்கணிதத்தையும் ஒப்பிட்டு எழுதியபோது அவர் அச்சொல்லைப் பயன்படுத்தினார். வேதியியலார் அணுக்களைப் புள்ளிகளாகவும் பிணைப்புகளைக் கோடுகளாகவும் வரைந்து வந்த முறையிலிருந்தே அவர் அதனைப் பெற்றார். ஆகவே இத்துறையின் பெயரே வேதியியலின் கொடையாகும். அதே சில்வெஸ்டர் 1870இல் செய்யுளின் விதிகள் குறித்து ஒரு நூல் வெளியிட்டவர் என்பது கவிஞர்கள் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி. அணுக்கள் கூடும் முறையையும் சொற்கள் கூடும் முறையையும் ஆராய்ந்தது ஒரே உள்ளம்.

சில்வெஸ்டரின் நண்பர் ஆர்தர் கெய்லி. வளையம் இல்லாத கோட்டுருவை 'மரம்' என்று 1857இல் அவர் வழங்கினார். கிளை பிரியலாம், பிரிந்த கிளைகள் மீண்டும் ஒன்று கூடுதல் இல்லை. இதுவே மரத்தின் இலக்கணம். கார்பன் அணு நான்கு பிணைப்புகளுக்கு மேல் ஏற்பதில்லை. எனவே கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த நிறைவுற்ற சேர்மங்கள் எத்தனை வகைப்படும் என்ற வேதியியல் வினா, ஒரு புள்ளியில் நான்கு கோடுகளுக்கு மேற்படாத மரங்கள் எத்தனை என்ற கணித வினாவாக மாறிற்று. நான்கு கார்பன்களுக்கு 2 மரங்கள், ஐந்திற்கு 3, ஆறிற்கு 5, ஏழிற்கு 9, எட்டிற்கு 18, பத்திற்கு 75. இருபது கார்பன்களுக்கு 3,66,319 மரங்கள். 1875இல் கெய்லி வெளியிட்ட பட்டியலில் பன்னிரண்டு, பதின்மூன்று கார்பன்களுக்குரிய எண்கள் பிழையாக இருந்தன. அவை முறையே 355, 802 என்று 1931இல் ஹென்சி, பிளேர் என்னும் இருவர் திருத்தமாகக் கணக்கிட்டுக் காட்டினர். பிழைபட்ட எண்ணும் அச்சில் நின்றமையால்தான் அது எங்கே தவறியது என்பதைப் பின்வந்தோர் ஆராய முடிந்தது. இச்செய்தி இவ்வுரையின் பிற்பகுதிக்கும் உரியது.

இனி யாப்பிற்கு வருவோம். வெண்பாவில் வரும் சீர்கள் எட்டு: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் ஆகிய இயற்சீர் நான்கு, தேமாங்காய், புளிமாங்காய், கூவிளங்காய், கருவிளங்காய் ஆகிய வெண்சீர் நான்கு. இவ்வெட்டையும் எட்டுப் புள்ளிகளாகக் கொள்க. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்னும் தளை விதிப்படி, ஒரு சீரை அடுத்து வரத்தக்க சீரை நோக்கி அம்புக்குறியிட்ட கோடு ஒன்று வரைக. எட்டுச் சீர்களுள் நேரசையில் தொடங்குவன நான்கு. நிரையசையில் தொடங்குவன நான்கு. ஆதலின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சரியாக நான்கு கோடுகள் புறப்படும். மொத்தம் 32 கோடுகள். புளிமா தன்னையே அடுத்து வரலாம். தேமா தன்னை அடுத்து வருதல் ஆகாது. கூவிளம் தன்னை அடுத்து வரலாம்; கருவிளம் வருதல் ஆகாது. இவற்றையெல்லாம் படம் ஒரே பார்வையில் காட்டிவிடும்.

குறள் வெண்பா என்பது இக்கோட்டுருவில் ஏழடி நடக்கும் ஒரு நடை. முதற்சீர்க்கு 8 வாய்ப்பு. அடுத்த ஐந்து சீர்களில் ஒவ்வொன்றிற்கும் 4 வாய்ப்பு. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றாக அமைய வேண்டும். அவற்றுள்ளும் நேரில் தொடங்குவன இரண்டு, நிரையில் தொடங்குவன இரண்டு. ஆகவே தளை பார்த்தால் எஞ்சும் வாய்ப்பு 2. பெருக்கினால் 16,384 சீரமைப்புகள் கிடைக்கும். தளையைக் கருதாமல் சீர்களை மட்டும் அடுக்கினால் 10,48,576. அறுபத்து நான்கில் ஒன்றையே தளை உள்ளே விடுகிறது. கார்பனுக்கு நான்கு பிணைப்பு என்ற வரையறை மூலக்கூறுக்கு என்ன செய்கிறதோ, அதனையே தளை வெண்பாவிற்குச் செய்கிறது.

எண்ணிவிட்டால் கவிதை வந்துவிடுமா என்று ஒரு கவிஞர் வினவலாம். வாராது. எந்தெந்த வழிகள் உள்ளன என்பதையே கோட்டுரு சொல்லும். எவ்வழியில் எவ்வுணர்வோடு நடப்பது என்பது நடப்பவர் பொறுப்பு. இவ்வெல்லையை மறவாமல் மேலே செல்வோம்.

வினைகளின் வலை

மூலக்கூறு ஒன்றைக் கோட்டுருவாகக் காண்பது முதற்படி. மூலக்கூறு முழுவதையுமே ஒரு புள்ளியாகக் கொண்டு, ஒன்று மற்றொன்றாக மாறும் வினையைக் கோடாகக் கொள்வது அடுத்த படி. 1966இல் ருமேனிய நாட்டு வேதியியலாராகிய அலெக்சாந்த்ரு பலபனும் உடனுழைத்தோரும் இவ்வகையில் ஓர் அரிய படத்தை வரைந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட நேர்மின் அயனி ஒன்று. அவ்விரண்டு அணுக்களையும் இரண்டு வீடுகளாகவும், அவற்றோடு பிணைந்த ஐந்து வெவ்வேறு தொகுதிகளை ஐந்து விருந்தினராகவும் உருவகம் செய்துகொள்ளலாம். ஒரு வீட்டில் மூவர், மற்றதில் இருவர். மூவர் உள்ள வீட்டிலிருந்து ஒருவர் மற்ற வீட்டிற்குப் பெயர்வதே ஒரு வினை. இத்தகைய அமைப்புகள் மொத்தம் 20. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே வினையில் அடையத்தக்கவை 3. எனவே படத்தில் 20 புள்ளிகள், 30 கோடுகள். இரு வீட்டாரும் முழுமையாக இடம் மாறிக்கொள்ள எத்தனை வினைகள் வேண்டும்? ஐவரும் பெயர வேண்டுமாதலின் ஐந்திற்குக் குறையாது. ஆய்வுக்கூடத்தில் கண்ணுக்குப் புலனாகாத ஒரு மாற்றத்தின் குறுகிய வழியைத் தாளில் வரைந்த படம் உறுதி செய்கிறது.

உயிரணுவுக்குள் நிகழும் வினைகளோ பல நூறு, பல்லாயிரம். ஒரு வினையின் விளைபொருள் மற்றொரு வினையின் மூலப்பொருளாகும். ஒவ்வொரு வினையையும் தூண்டுவது ஒரு நொதி. பெரும்பாலும் அந்நொதியை ஆக்கும் செய்தி ஒரு மரபணுவில் உள்ளது. இவ்வலையில் எந்தப் பொருள் ஒரே வழியால் மட்டும் உண்டாகிறது என்று தேடுவது அடையாற்றில் ஒற்றைப் பாலத்தைத் தேடுவது போன்றதே. நோய்க்கிருமி ஒன்றில் அத்தகைய வழியை அடைத்துவிட்டால் கிருமி மடியும். ஆகவேதான் மருந்து காண்போர் வினைவலையில் அடைபடத்தக்க இடங்களை நாடுகின்றனர்.

இத்தகைய ஆய்வுகள் எங்கோ தொலைவில் மட்டும் நடைபெறவில்லை. சைதாப்பேட்டைக்கு அண்மையில் உள்ள தரமணியில், 1962இல் அல்லாடி இராமகிருஷ்ணன் நிறுவிய கணித அறிவியல் நிறுவனத்தில், வினைவலைகளையும் பிற பெருவலைகளையும் கோட்டுருக் கணிதத்தால் ஆராய்ந்து வருகின்றனர். அந்நிறுவனத்தைச் சேர்ந்த அரீஜித் சமாலும் உடனாய்வாளரும் 2018இல் இந்திய மூலிகைகளின் வேதிப்பொருள்களைத் தொகுத்து ஒரு தரவுத்தளம் வெளியிட்டனர். 1,742 தாவரங்களும் 9,596 வேதிப்பொருள்களும் அதன் முதற்பதிப்பில் இடம்பெற்றன. பின்னர் அது மேலும் விரிந்தது. சித்தர் நூல்களிலும் வாகடங்களிலும் பெயராக மட்டும் நின்ற மூலிகைகள் பல, இங்கே புள்ளியும் கோடுமாகத் தம் உள்ளமைப்பைக் காட்டி நிற்கின்றன.

பிழை காட்டும் உறவு

1837இல் சார்லஸ் டார்வின் தம் குறிப்பேட்டில் கிளைத்துப் பிரியும் ஒரு சிறு படம் வரைந்தார். 1859இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் இடம்பெற்ற ஒரே படமும் கிளைத்துச் செல்லும் மரமே. உயிரினங்கள் ஒரு மூலத்திலிருந்து பிரிந்து வந்தன என்பதே அப்படத்தின் பொருள். எது எதிலிருந்து எப்போது பிரிந்தது என்பதை அக்காலத்தில் எலும்பையும் பல்லையும் இறகையும் கொண்டே துணிய வேண்டியிருந்தது. மரபணுவின் எழுத்துகளைப் படிக்கும் வழி தெரிந்த பின்னர் நிலை மாறிற்று.

மரபணு அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு. ஒவ்வொரு தலைமுறையிலும் அது படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும்போது அருகிய அளவில் பிழை நேர்கிறது. பிழை அடுத்த படியிலும் தொடர்கிறது. ஏட்டுச்சுவடி அறிந்தோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

1967இல் ஃபிட்ச், மார்கோலியாஷ் என்னும் இருவர், உயிர்ப்பிற்கு இன்றியமையாத சைட்டோகுரோம் சி என்னும் புரதத்தை 20 உயிரினங்களில் ஒப்பிட்டு ஒரு குலமரம் வரைந்தனர். அப்புரதத்தில் மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் வேறுபாடே இல்லை. ரீசஸ் குரங்கோடு ஓரிடத்தில் வேறுபாடு. குதிரையோடு பன்னிரண்டு இடங்களில் வேறுபாடு. உடலமைப்பைக் கொண்டு அறிஞர் முன்பே வகுத்திருந்த உறவுமுறையோடு அக்குலமரம் பெரும்பாலும் ஒத்திருந்தது.

இங்கே கோட்டுருக் கணிதம் ஒரு மலைப்பை உண்டாக்குகிறது. மூலத்தைக் குறியாமல் உறவை மட்டும் காட்டும் மரங்களை எண்ணினால், நான்கு உயிரினங்களுக்கு 3 மரங்கள் இயலும், ஐந்திற்கு 15, பத்திற்கு 20,27,025. இருபதிற்கோ 21 இலக்கங்கள் கொண்ட பேரெண். அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கக் கணிப்பொறிக்கும் இயலாது. சிறந்த மரத்தைக் குறுக்கு வழியில் தேடும் முறைகளைக் காண்பதே இத்துறையாரின் இடையறாத பணி.

எந்த மரம் சிறந்தது என்று துணிவதற்கு உரிய நெறி யாது? உறவிற்குச் சான்று ஒற்றுமையன்று. ஒத்த மாற்றமே சான்று. ஓர் எடுத்துக்காட்டு. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதராலும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்கினங்களாலும் அது இயலாது. அதற்குரிய மரபணு மனிதரிடம் இல்லாமற் போகவில்லை. சிதைந்த நிலையில் இன்றும் உள்ளது. குரங்கினங்களிலும் சிதைந்தே உள்ளது. சரியாக இயங்கும் மரபணு ஆட்டிலும் எலியிலும் இருப்பதால் அவ்விரண்டும் நெருங்கிய உறவினர் என்று சொல்லிவிட முடியாது. அது பொதுமூலத்தின் பழஞ்சொத்து. சிதைவு ஒத்திருப்பதே நெருங்கிய உறவைக் காட்டுகிறது. கினி எலியிலும் இம்மரபணு கெட்டுள்ளது. ஆனால் கெட்ட விதம் வேறு. அது தனியே நேர்ந்த விபத்து. ஆகவே எல்லாப் பிழையும் சான்றாகாது. தற்செயலாக இருவேறு இடங்களில் நேர இயலாத பிழையே சான்றாகும்.

இந்நெறியைச் சுவடிகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். பழைய ஓலைகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடுவது பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றின. ஆகவே ஏகாரம் எகரமாகப் படிக்கப்பட்ட பிழை இரண்டு சுவடிகளில் காணப்பட்டால், அவை ஒரு தாய் ஏட்டின் பிள்ளைகள் என்று முடிவு கட்டுதல் கூடாது. எவர் படியெடுத்தாலும் நேரத்தக்க பிழை அது. ஆனால் ஒரே இடத்தில் ஓரடி முழுவதும் இரு சுவடிகளிலும் விடுபட்டிருந்தால், அல்லது ஒரே செய்யுள் இடம் மாறிப் புகுந்திருந்தால், அவற்றிடையே உறவு உண்டென்று துணியலாம். மரபணு ஆய்வாளர் கினி எலியை விலக்கிய அதே தருக்கம் இது.

இது வெறும் உவமையன்று. 1998இல் கேம்பிரிட்ஜ் உயிர்வேதியியலார் கிறிஸ்டபர் ஹவ், பதிப்பாய்வாளர் பீட்டர் ராபின்சன் முதலியோர் ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரிக் கதைகள்' நூலில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டனர். அப்பகுதிக்குரிய 15ஆம் நூற்றாண்டுச் சுவடிகள் 58ஐ, மரபணுக்களுக்குரிய அதே கணினி முறைகளால் ஆராய்ந்து, முடிவை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். பதிப்பாசிரியர்கள் பெரிதும் பொருட்படுத்தாது விட்ட சில சுவடிகள் மூலத்திற்கு அணுக்கமானவை என்று அவ்வாய்வு காட்டிற்று.

மரம் முறியும் இடம்

மொழிகளுக்கும் குலமரம் வரையப்பட்டுள்ளது. 1816இல் சென்னையில் எல்லிஸ் தென்மொழிகளின் உறவைச் சுட்டினார். 1856இல் கால்டுவெல் அதனை ஒப்பிலக்கணமாக விரித்தார். 1983இல் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, புள்ளியியலாளர் லிங்கன் மோசஸ், டக்ளஸ் டான்ஃபோர்த் ஆகியோருடன் சேர்ந்து, கோண்டி, கொண்டா, கூயி, கூவி, பெங்கோ, மண்டா என்னும் ஆறு திராவிட மொழிகளுக்கு இயலும் 945 மரங்களையும் கணிப்பொறியால் சீர்தூக்கிச் சிறந்ததைத் தேர்ந்தார். பழைய ஒப்பியல் முறை கண்ட முடிவோடு அது பொருந்திற்று. 2018இல் விஷ்ணுப்ரியா கோலிபாகமும் உடனாய்வாளரும் 20 திராவிட மொழிகளின் சொற்களை மரபணு ஆய்வு முறைகளால் ஆராய்ந்து, இக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என்று மதிப்பிட்டனர்.

எனினும் மரம் எல்லாவற்றிற்கும் பொருந்தாது. பிரிந்த கிளைகள் மீண்டும் கூடும் இடங்கள் உண்டு. அதற்கும் சைதாப்பேட்டையின் வரலாற்றிலேயே தடம் உள்ளது. 1865இல் இங்கு அரசுப் பரிசோதனைப் பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. 1868இல் வேளாண்மைப் பள்ளி தொடங்கிற்று. 1906இல் அது கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்கு வித்தாயிற்று. அதே கோயம்புத்தூரில் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் எழுந்தது. அங்கு டி. எஸ். வெங்கட்ராமன் முதலியோர், இனிப்பு மிக்க நாட்டுக் கரும்பினத்தையும் காட்டில் விளையும் நாணலையும் கலந்து புதிய கரும்பு கண்டனர். 1918இல் வெளியான 'கோ 205' அவ்வழி வந்ததே. 1930களில் ஜானகி அம்மாள் அந்நிலையத்தில் கரும்பை மூங்கிலோடும் கலந்து ஆராய்ந்தார். கலப்பினத்திற்குத் தாய்க்கிளை இரண்டு. அதனைக் குலமரத்தில் வரைந்தால் கிளைகள் கூடி வளையம் உண்டாகும். மரம் மரமாக இராது, வலையாகும். நுண்ணுயிர்களோ ஒன்றின் மரபணுவை மற்றொன்று இடையிலேயே பெற்றுக்கொள்கின்றன. சொற்கள் அண்டை மொழிக்குச் செல்லும். இரண்டு ஏடுகளை அருகே வைத்து, ஒன்றில் ஐயம் வந்தபோது மற்றொன்றைப் பார்த்து எழுதிய புலவரும் இவ்வாறே இரண்டு கிளைகளை ஒன்று கூட்டுகிறார். அவர் செய்தது நல்லெண்ணத்தால். ஆனால் வந்த வழி மங்கிவிடுகிறது.

பதிப்பார்க்கு ஒரு வேண்டுகோள்

இங்கேதான் இவ்வுரையின் கருத்து தமிழ்ப் பதிப்புத் துறையை வந்தடைகிறது. பிழை உறவைக் காட்டும் சான்று என்றால், பிழையைச் சொல்லாமல் திருத்திவிடுவது சான்றை அழிப்பதாகும். 1887இல் சீவக சிந்தாமணியில் தொடங்கி, உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து ஏடு தேடினார். பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் கண்டதோடு, பிரதிபேதங்களையும் குறித்து வைத்தார். அவர் ஏற்காது விட்ட பாடமும் இன்று ஆய்வாளர்க்குக் கிடைப்பது அதனால்தான். 2008இல் பிரெஞ்சு தூரக்கிழக்குப் பள்ளி வெளியிட்ட ஈவா வில்டனின் நற்றிணை ஆய்வுப் பதிப்பும் சுவடிகளின் பாட வேறுபாடுகளை விரிவாகத் தருகிறது. இவை பின்பற்றத்தக்க நெறிகள்.

ஆனால் வேறொரு பழக்கமும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஓலையைப் பார்த்து எழுதும்போதே 'வெளிப்படையான பிழை' என்று தோன்றுவதைத் திருத்தி எழுதிவிடுவது. பல ஏடுகள் இருந்தால் தெளிவானதை மட்டும் படமெடுத்து, 'பிழை மலிந்தது' என்று மற்றதைக் கட்டி வைப்பது. மறுபதிப்பில் இடம் மிச்சம் கருதிப் பிரதிபேதங்களை நீக்கிவிடுவது. இவை ஒவ்வொன்றும் ஒரு கோட்டை அழிக்கின்றன. சில கோடுகள் பாலங்கள். அவை அற்றால் ஒரு கிளை முழுவதும் மூலத்தோடு தொடர்பின்றிப் போகும். ஓலைக்கு வயது உண்டு. செல்லும் பூச்சியும் தின்ற ஏட்டை எந்தக் கணிதமும் மீட்டுத் தராது. கெய்லியின் பிழையான எண் அச்சில் நின்றமையால் திருத்தப்பட்டது. ஓலையிலேயே மறைக்கப்பட்ட பிழையைத் திருத்துவதற்கும் ஆள் இல்லை, ஆராய்வதற்கும் வழி இல்லை.

1943இல் நிறுவப்பெற்று இன்று பெசன்ட் நகரில் உள்ள உ. வே. சா. நூலகமும், சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் தொலைவில் இல்லை. இவ்வட்டத்தின் இளைஞர்கள் சுவடி படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். ஓர் ஏட்டைப் பெயர்த்தெழுதும்போது உள்ளது உள்ளவாறே, பிழையும் புள்ளியின்மையும் உட்பட எழுதிவைத்து, தம் திருத்தத்தைத் தனியே குறிக்க வேண்டும். ஒரு நூலுக்குக் கிடைக்கும் ஏடுகள் பத்தேயாயினும், அவற்றின் உறவுப் படத்தை வரைய முயல வேண்டும். இன்றைய கணினி அதற்குத் துணை செய்யும். இலக்கண அறிவும் செய்யுட் செவியும் அதற்கு வழி காட்டும். எந்த ஏடு எதிலிருந்து வந்தது என்பதைக் கணிதம் சொல்லும். எந்தப் பாடம் கவிஞன் உள்ளத்திலிருந்து வந்தது என்பதைத் தமிழறிந்த செவியே சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பறிக்க முயன்றால் இரண்டும் கெடும்.

கவிஞர்களுக்கும் இதில் ஒரு சொல் உண்டு. இவ்வட்டத்தில் பத்தாண்டுகளாக அரங்கேறிய கவிதைகள், அடித்தும் திருத்தியும் எழுதப்பட்ட தாள்களில் பிறந்தவை. அச்சேறிய வடிவத்தைப் போற்றுவோர் அத்தாள்களைக் குப்பை என்று எண்ணுதல் கூடாது. ஒரு கவிதையின் முதல் வடிவமும் இறுதி வடிவமும் இரண்டு புள்ளிகள். இடையில் அடிக்கப்பட்ட சொல்தான் அவற்றை இணைக்கும் கோடு. பத்தாண்டு மலர் இன்று கைக்கு வருகிறது. அம்மலருக்குரிய கையெழுத்துத் தாள்களை ஒரு பெட்டியில் இட்டு, ஆண்டும் பெயரும் குறித்து வைத்தால், நாளை ஒருவர் இவ்வட்டத்தின் குலமரத்தை வரையும்போது கோடு அறாமல் இருக்கும்.

உஸ்கானின் பழைய பாலம் இன்று இல்லை. எனினும் அவர் இட்ட கோடு அழியவில்லை. அதே இடத்தில் மற்றொரு பாலமாக நின்று, நாள்தோறும் மக்களைக் கரை சேர்க்கிறது. தமிழ் நூல்களுக்கும் அத்தகைய கோடுகள் நிலைபெற வேண்டும் என்ற வேண்டுகோளோடு இவ்வுரை நிறைவுறுகிறது.